நத்தை வைத்த கார்

கல்யாணமான புதிதில் மூன்று வாரம் எங்கள் வீட்டில் ஒரு சோபா இருந்தது. சோபா என்று என் மனைவிதான் சொன்னாள். உண்மையில் அது ஒரு காரின் பின் சீட்டு. அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் உட்கார ஒரு இரும்பு நாற்காலிதான் உண்டு. அதனால் வருகிறவர்களை எல்லாம் அவள் அந்த சீட்டில் உட்கார வைத்து, "நல்லா சாஞ்சுக்குங்க, சுவீடன்ல செஞ்சது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாராவது அதில் குழம்பைக் கொட்டிவிட்டால் கார்க்காரருக்கு என்ன பதில் சொல்வது? வேலை நடுவில் வீட்டுக்கு வந்து துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுப் போவேன்.

நான் கவலைப்படுகிற ஆள். ஏழாவதோடு படிப்பு நின்றதும் அதனால்தான். கணக்குப் பரீட்சையில் பெயிலாகிவிடுவேனோ என்று பயந்து பரீட்சைக்குப் போகவில்லை. போகாததற்கு அடிப்பார்களோ என்று பயந்து மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. மறுநாளும் போகாததற்கு இன்னும் ஜாஸ்தி அடிப்பார்கள் என்று அதற்கடுத்த நாளும் போகவில்லை. அப்படியே விட்டுப்போயிற்று. வீட்டில் பார்த்துப் பார்த்து சலித்து, செங்கம் ரோட்டில் இருந்த ஒரு கார் ஷெட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேதான் என் கவலைக்கு ஒரு மரியாதை கிடைத்தது. முடுக்கிய நட்டை மறுபடியும் ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறவனை மெக்கானிக் தொழிலில் யாரும் பைத்தியம் என்று சொல்வதில்லை. ஷெட்டு மேஸ்திரி, "டேய், நீ தொட்ட வண்டி திரும்பி வராதுடா" என்பார். பழுது என்று திரும்பி வராது என்று அர்த்தம்.

அந்த சுவீடன் கார் எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் ஷெட்டுக்கு வந்தது. நீலப் புகையைக் கக்கிக்கொண்டு வந்தது. ஓட்டி வந்தவர் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர். அவர் ஊரிலிருந்து ரோட்டு வழியாகவே, நாடு நாடாகக் கடந்து, அந்தக் காரில் வந்திருந்தார். நெட்டை, ஒல்லி. ஆசிரமத்துச் சாப்பாட்டில் இன்னும் ஒல்லியாகிக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். தமிழில் மூன்று வார்த்தை தெரியும்: சரி, மெதுவா, போதும். பந்தியில் உட்காருவதற்கு அது போதும்தான்.

பானட்டைத் திறந்தோம். எஞ்சினுக்குப் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்திருந்தது ஒரு இரும்பு.

"இன்னாடா இது, நத்தை ஒண்ணு ஏறி உக்காந்துகினு இருக்குது" என்றார் மேஸ்திரி.

அதற்கு டர்போ என்று பெயர் என்பதும், வெளியில் வாங்கி மாட்டியது இல்லை, கம்பெனியிலேயே வைத்து வந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தது. எங்களுக்கு அது கடைசி வரைக்கும் நத்தைதான். வெள்ளைக்காரர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். படம் என்றால் எனக்குப் புரியும், எழுத்துதான் பயம். எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை, போகிற போக்கில் நத்தைக்குள் இருக்கிற ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகிறது. அந்தச் சக்கரம் கோத்திருக்கிற கம்பியின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று ஜாஸ்தி போனால் பெட்ரோலும் ஜாஸ்தி எரியும், இழுவையும் ஜாஸ்தி. கொல்லன் உலைக்குத் துருத்தி ஊதுகிற மாதிரிதான். இங்கே உலையின் புகையே துருத்தியை ஊதிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கம்பியைத் தாங்குகிற புஷ் என்கிற வளையம் தேய்ந்து, எண்ணெய் கசிந்து எரிந்துகொண்டிருந்தது. அந்த புஷ்ஷுக்கு மதராசிலும் வழியில்லை. கிணற்று மோட்டாருக்கு கன்மெட்டல் வெண்கலத்தில் புஷ் கடைந்து தருகிற லேத்துப் பட்டறை ஒன்று ஊரில் இருந்தது. அங்கே போய் நின்று, நாலு தடவை கடைய வைத்தேன். மூன்றாவது சரியாகத்தான் இருந்தது என்று லேத்துக்காரர் இன்றைக்கும் சொல்வார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

மாட்டினோம். புகை நின்றது. வெள்ளைக்காரர் பானட்டுக்குள் தலையை நீட்டி, கண்ணை மூடி, நத்தையின் சத்தத்தை வெகுநேரம் கேட்டார். பிறகு ஒன்று சொன்னார். கைடு வேலை பார்க்கிற ஒருவர் அதைத் தமிழில் சொன்னார். காருக்கான பேப்பர் கெடு முடிவதற்குள், பங்குனியில் அவர் கிளம்பியாக வேண்டும். போகிற வழியில் பாலைவனம் இருக்கிறது. அங்கே புஷ் போனால் கதி கிடையாது. அதனால் போகிறதாக இருந்தால் இங்கேயே போகட்டும், இந்தக் காரை நல்ல வேகத்தில் அடித்து ஓட்டிப் பாருங்கள் என்றார். நீங்களே ஓட்டுங்கள் என்றதற்கு, வேகத்தை விட்டுவிட்டுத்தான் இங்கே வந்தேன், மறுபடி தொடமாட்டேன் என்றுவிட்டார்.

இந்த இடத்தில்தான் மில்லுக்காரர் வந்து சேர்ந்தார்.

கீழ்பென்னாத்தூரில் கடலை எண்ணெய் மில் வைத்திருந்தவர். இரண்டு லாரி, ஒரு டிராக்டர். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழைய அமெரிக்கன் கார். சினிமாக்காரர் ஒருவரிடமிருந்து கை மாறிக் கை மாறி அவரிடம் வந்தது. எட்டு சிலிண்டர். நீளம் என்றால் அப்படி நீளம், தெருவில் திருப்ப முடியாது. நாங்கள் அதைப் படகு என்போம். அதைக் கார்புரேட்டர் வேலைக்குக் கொண்டுவந்தவர், பக்கத்தில் நின்ற சுவீடன் காரைச் சுற்றி வந்தார். நான் அதன் அடியில் படுத்திருந்தேன்.

"இன்னாய்யா இது, மூக்கை நீட்டிகினு மூஞ்சூறு மாதிரி?"

"மூஞ்சூறுன்னு கேவலமா சொல்லாதீங்க முதலாளி" என்றார் மேஸ்திரி. "அதுமேல உக்காந்து போறவரு யாருன்னு தெரியுமில்ல? உங்க படகு இது பின்னாடி புகையை மோந்துகினுதான் வரணும்."

"எது? இதுவா?"

"ரெண்டு பர்லாங்கு. வேங்கிக்கால் ரோட்ல. வுட்டுப் பாக்கலாம்."

"யாரு ஓட்றது? அந்தச் சாமியாரா?"

மேஸ்திரி கார் அடியில் நீட்டிக்கொண்டிருந்த என் காலைத் தன் காலால் தட்டினார். "இவன்தான்."

நான் வெளியே வரவில்லை. ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தேன்.

மில்லுக்காரர் சிரித்தார். "இவனா? கதவைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பாக்கறவனாச்சே. சரி, ஒண்ணு செய்யலாம். எவ்ளோ நாளா கேக்கறேன், மில்லு வண்டிங்களைப் பாத்துக்க வாடான்னு. வரமாட்டேங்கறான். தோத்தான்னா கீழ்பென்னாத்தூர் வந்துடணும், வீடு நான் தரேன். ஜெயிச்சான்னா வேங்கிக்கால்ல ரோட்டோரமா என் பழைய கடலைக் கொட்டகை சும்மா கெடக்குது. எடுத்துக்கட்டும். சொந்தமா ஷெட்டு போட்டுக்கட்டும்."

"சரி" என்றார் மேஸ்திரி, என்னைக் கேட்காமலே.

மில்லுக்காரர் போய் ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்துத்தான் மேஸ்திரிக்கு உறைத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"டேய். ரெண்டுல எது நடந்தாலும் நீ போயிடறியேடா. நான்தான்டா தோத்தேன்."

சொந்த ஷெட்டு என்கிற ஆசை எனக்கு இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் நடக்காமல் போய்விடும் என்று ஒரு பயம். கீழ்பென்னாத்தூரோ என் மாமனார் ஊர். மாமனார் வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிற மாப்பிள்ளையை எங்கள் பக்கம் என்னென்ன சொல்லிக் கேலி செய்வார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"தோத்தா நல்லதுதானங்க? எங்கம்மா கையால சாப்புடலாம்."

"நீ யார் பக்கம்?"

"நான் சோத்துப் பக்கம்" என்றாள்.

காருக்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. கூரை மேல் இருந்த கேரியரைக் கழற்றினோம், ஸ்டெப்னியை எடுத்தோம், பின் சீட்டை எடுத்தோம். சீட்டு எங்கள் வீட்டுக்கு வந்த கதை அதுதான், ஷெட்டில் எலி கடித்துவிடும் என்று நான்தான் தூக்கி வந்தேன். நத்தை அளவுக்கு மீறி ஊதினால் புகையை வேறு வழியாகத் திறந்துவிட ஒரு கதவு, அதற்கு ஒரு ஸ்பிரிங் இருந்தது. அந்த ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷர் வைத்தால் கதவு கொஞ்சம் தாமதமாகத் திறக்கும், நத்தை இன்னும் கொஞ்சம் ஊதும். மேஸ்திரி மூன்று வாஷர் வைக்கலாம் என்றார். நான் ஒன்றும் வேண்டாம் என்றேன். வெள்ளைக்காரர் ஒரு விரலைக் காட்டினார். ஒன்று வைத்தோம்.

இன்னொன்று என் யோசனை. நத்தை ஊதுகிற காற்று சூடாகிவிடுகிறது, சூடானால் எஞ்சின் கணகணவென்று தட்டுகிறது. காற்றுக் குழாயின் மேல் ஒரு கோணிப்பையை ஈரமாக்கிச் சுற்றினேன். தண்ணீர்ப் பானைக்கு ஈரத்துணி சுற்றுகிற மாதிரி. வெள்ளைக்காரர் அதைத் தொட்டுப் பார்த்து, முதல் தடவையாகச் சிரித்தார். நம்மூர் சாதா பெட்ரோலும் அந்த எஞ்சினுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மதராசில் உயர்ந்த ரகம் கிடைக்கும் என்றார்கள். அதைக் கேனில் வாங்கிக்கொண்டு வந்தது யார் லாரி என்று நினைக்கிறீர்கள்? மில்லுக்காரர் லாரிதான். "பெட்ரோல் இல்லாம தோத்தேன்னு நாளைக்கி சொல்லக்கூடாது பாரு" என்று அனுப்பிவைத்தார்.

எல்லாம் சரி, ஒன்று மட்டும் சரியாகவே இல்லை. கிளம்புகிற இடம்.

நின்ற இடத்திலிருந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் அந்தக் கார் உடனே பாயாது. புகை கிளம்ப வேண்டும், புகை சக்கரத்தைச் சுற்ற வேண்டும், சக்கரம் காற்றைத் திணிக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணலாம். மூன்றில்தான் யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி பறக்கும். அந்த மூன்று எண்ணிக்கைக்குள் எட்டு சிலிண்டர் படகு எங்கேயோ போயிருக்கும். ஒரு நாள் காலையில் வேங்கிக்கால் ரோட்டில் பழகுவதற்குப் போனபோது என் மனைவியும் வந்து ரோட்டோரம் நின்று பார்த்தாள். நாலு தடவை கிளப்பிக் காட்டினேன்.

"உங்கள மாதிரியேதாங்க இருக்குது" என்றாள்.

"எப்படி?"

"நின்னு நல்லா யோசிச்சிட்டு, அப்புறமா தலை தெறிக்க ஓடுது."

மேஸ்திரி அதைக் கேட்டுத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொட்டகை கையை விட்டுப் போனதாகவே நினைத்தேன்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்த கையோடு பந்தயம். அதற்குமேல் தாமதித்தால் நெல்லும் கேழ்வரகும் கொண்டுவந்து ரோட்டில் காயப் போட்டுவிடுவார்கள். வேலூர் பஸ்ஸும் வந்துவிடும். இன்றைக்கு வேங்கிக்காலில் ஆபீசும் வீடுமாக இருக்கிற இடமெல்லாம் அப்போது வயல். ரோடு நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். ஓரத்தில் பழைய பர்லாங்குக் கற்கள். ஒரு கல்லுக்குப் பக்கத்தில் கிளம்பி, அதற்கடுத்த கல்லைத் தாண்டி, அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டு பர்லாங்கு, கால் மைல். இரண்டு முனையிலும் சிவப்புத் துணியோடு ஆள் நிறுத்தியிருந்தார்கள். அப்படியும் எனக்கு, குறுக்கே ஆடு வந்தால், மாடு வந்தால், போலீஸ் வந்தால் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது.

வந்ததென்னவோ கூட்டம். முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். அத்தனை கண்ணும் அந்தக் காரின் மேல். அதைப் பார்த்ததும் எனக்குப் பழைய கவலை ஒன்று மறுபடியும் பிடித்துக்கொண்டது. கண் பட்டால் என்ன ஆகும்? அதற்கு முதல் நாளே ஏற்பாடு செய்திருந்தேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், ஒரு பெரிய வெள்ளைப் பூசணிக்காய். அதைக் குடைந்து, குங்குமம் கலந்து, மேலே சூடம் வைத்து, மனைவி கையில் கொடுத்திருந்தேன். மில்லுக்காரர் படகுக்கும் எலுமிச்சம்பழம் இருந்தது. பூசணிக்காய் இல்லை. அதில் எனக்கு ஒரு தெம்பு.

ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கிற கார் அது. நான் இடது பக்கம் உட்கார்ந்தேன். வலது பக்கம் வெள்ளைக்காரர் ஏறி உட்கார்ந்துகொண்டார். வேகத்தைத் தொடமாட்டேன் என்றவர்தான். புஷ்ஷின் சத்தத்தைக் கேட்க வேண்டுமாம். உட்கார்ந்ததும் கண்ணை மூடிவிட்டார். வெளியே இருந்து பார்த்தவர்கள் தியானம் என்று நினைத்து, ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

என் மனைவி காருக்கு முன்னால் வந்து, மூன்று சுற்று சுற்றி, பூசணிக்காயைத் தலைக்கு மேலே தூக்கி ஓங்கி உடைத்தாள். ரோட்டோரமாகத்தான் உடைப்பாள் என்று நினைத்திருந்தேன். நடு ரோட்டில், என் இடது முன் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் போட்டாள். சிவப்பும் வெள்ளையுமாகச் சோறு மாதிரி குழைந்து கிடந்தது.

நான் தலையை வெளியே நீட்டினேன். "மேஸ்திரி, அதைக் கொஞ்சம் தள்ளச் சொல்லுங்க."

"உடைச்ச காயை யாருடா தொடுவான்? திருஷ்டி தொட்டவனுக்கில்ல வந்துடும்."

"வழுக்கும் மேஸ்திரி."

"முன் சக்கரம்தானடா ஏறப் போவுது. தள்றது பின் சக்கரம். இருந்துட்டுப் போவட்டும்."

"இந்த வண்டியில முன் சக்கரம்தான் மேஸ்திரி இழுக்குது" என்று நான் சொன்னேன். ஷெட்டில் மூன்று வாரம் கூட இருந்து வேலை பார்த்தவருக்கே அது மறந்துபோயிருந்தது. நம்மூரில் ஓடிய கார் அத்தனையும் பின் சக்கரத்தில் தள்ளுகிற காராயிற்றே. அவர் அரை நொடி யோசித்தார். அதற்குள் பக்கத்தில் மில்லுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாரனை அழுத்தினார். "இன்னாய்யா, வெயில் வந்துடும் போல இருக்குது." மேஸ்திரி துண்டை ஓங்கினார். இறக்கினார்.

படகு போய்விட்டது. அது போன சத்தத்தில் காதே அடைத்தது. நான் மிதித்தேன், கிளட்சை விட்டேன், எலுமிச்சம்பழம் நசுங்கியது, இடது சக்கரம் பூசணிக்காய் மேல் ஏறியது. ஏறி, அங்கேயே சுற்றியது. ஒரு சக்கரம் வழுக்கினால் இன்னொன்றும் இழுக்காது, கார் நின்ற இடத்தில் நின்றது. சக்கரம் மட்டும் வெறி பிடித்த மாதிரி சுற்றுகிறது, பூசணிக்காய் பின்னால் போய் மட்கார்டில் பொளபொளவென்று அடிக்கிறது. எஞ்சின் அலறுகிறது. வியர்த்துவிட்டது எனக்கு. கால் பயத்தில் விறைத்துப்போய் ஆக்சிலேட்டரின் மேலேயே அழுந்திக் கிடந்தது. நிதானம் உள்ளவன் காலை எடுத்திருப்பான்.

பக்கத்து சீட்டில் அவர் கண்ணைத் திறக்காமல், "மெதுவா" என்றார்.

அப்போது நத்தை விசில் அடிக்க ஆரம்பித்தது. அந்த விசில் கார் ஓடும்போது, மூன்று எண்ணி முடித்த பிறகுதான் வரும். நின்ற இடத்தில் நான் அதைக் கேட்டதே கிடையாது. கேட்ட அதே நொடியில் சக்கரம் பூசணிக்காயைத் தின்று முடித்துத் தாரைப் பிடித்தது.

முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஸ்டீயரிங் ஒரு பக்கமாகப் பிடுங்கியது, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன். யோசிக்கிற நேரம் என்று அந்தக் காருக்கு ஒன்று இருந்ததே, அது இப்போது இல்லை. யோசித்து முடித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தது. இரண்டாவது கியர். மூன்றாவது. நடுக் கல்லுக்குப் பக்கத்தில் படகின் பின்பக்கம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதன் பக்கத்தில் போனேன். மில்லுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது, வாயில் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. கடைசிக் கல்லில் என் காரின் மூக்கு முன்னால் இருந்தது. மூஞ்சூறு மூக்கு நீளம்தான் என்று பிற்பாடு சொன்னார்கள். அந்த நீளத்தில்தான் ஜெயித்தது.

"போதும்" என்றார் வெள்ளைக்காரர்.

ஓரத்தில் நிறுத்தினேன். எஞ்சினை நிறுத்தவில்லை. நத்தை அவ்வளவு வேகத்தில் சுற்றிவிட்டு வந்தால் இரண்டு நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் கருகி புஷ் போய்விடும். அதனால் நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். ஓடிவந்தவர்களில் ஒருவன், எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீரை என் முகத்தில் தெளித்தான். இரண்டு நிமிஷம் ஆனதும் வெள்ளைக்காரர் கண்ணைத் திறந்தார். நத்தையின் சத்தம் அவருக்குத் திருப்தி போலிருந்தது. என் கையைப் பிடித்துக் குலுக்கி, மூன்றாவது வார்த்தையையும் சொன்னார். "சரி."

மில்லுக்காரர் இறங்கி வந்தார். வேட்டியை அவிழ்த்துவிட்டு, காரைச் சுற்றி வந்து, மட்கார்டில் ஒட்டியிருந்த பூசணி விதை ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"கொட்டகைச் சாவி சாயந்திரம் வந்துடும்" என்றார். "ஆனா நான் உங்கிட்ட தோக்கலய்யா. அந்தப் பொண்ணு கிட்ட தோத்தேன்."

ஊரும் அப்படித்தான் பேசியது. பூசணிக்காய் காப்பாற்றியது, அண்ணாமலையார் பார்த்துக்கொண்டார் என்று. நான் இரண்டு நாள் யோசித்துதான் கண்டுபிடித்தேன். சக்கரம் வழுக்கியதால் எஞ்சின் நின்ற இடத்திலேயே முழு வேகத்துக்குப் போனது. புகை கிளம்பி, நத்தையைச் சுழற்றி, காற்றும் ஏறிவிட்டது. பிடித்தபோது எல்லாம் தயாராக இருந்தது. இதை மேஸ்திரியிடம் விளக்கினேன். "அப்போ பூசணிக்காய்தான்னு சொல்லு" என்றார்.

பந்தயத்தன்று மாலை சீட்டைத் திருப்பிக் கொடுப்பதற்காகத் துடைத்துக்கொண்டிருந்தபோது மனைவியிடம் கேட்டேன். "ஓரமா உடைக்காம ஏன் சக்கரத்துக்கு முன்னாடி போட்ட?"

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நீங்கதான முன் சக்கரம் இழுக்குது, முன் சக்கரம் இழுக்குதுன்னு மூணு வாரமா தூக்கத்துல கூட சொல்லிகினு இருந்தீங்க. வழுக்கட்டும்னுதான் போட்டேன். எங்க ஊருக்கே போயிடலாம்னு பாத்தேன்."

நான் துணியைக் கீழே போட்டேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனைக்கும் நடுவில் அந்த சீட்டில் ஒரு மூலையில் குழம்புக் கறை இருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

பங்குனியில் வெள்ளைக்காரர் கிளம்பினார். காரில் இருந்தது நாலாவதாகக் கடைந்த புஷ். மூன்றாவதையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். பாலைவனத்தை நினைத்து மூன்று மாதம் எனக்குத் தூக்கம் சரியில்லை. பிறகு ஒரு தபால் அட்டை வந்தது. ஒரு பக்கம் பனி படர்ந்த ஊர். மறுபக்கம் எழுத்து எதுவும் இல்லை, விலாசமும், பேனாவால் வரைந்த ஒரு நத்தையும்தான். எனக்குப் படித்துக் காட்ட ஆள் தேட வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

வேங்கிக்கால் கொட்டகையில் ஷெட்டு திறந்த நாளன்று எனக்கு ஜுரமே வந்துவிட்டது. சுற்றிலும் வயல், கார் வைத்திருக்கிற ஒரு வீடு கண்ணுக்குத் தெரியவில்லை. இங்கே எவன் வருவான்? பக்கத்திலேயே கலெக்டர் ஆபீஸ் வரப்போகிறது, ஜீப்பும் காருமாக வரிசை கட்டப்போகிறது என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? மனைவி வாசலில் பூசணிக்காயை உடைத்தாள். இந்த முறையும் நடுவில்தான். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அதற்குள் படகு வந்து நின்றது. முதல் வண்டி. மில்லுக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"பெருக்காதய்யா. கொஞ்சம் ஒதுங்கு. நான் அதுமேலயே ஏத்திகினு உள்ள வரேன், எனக்கும் கொஞ்சம் வேகம் வரட்டும்."

"ஐயா, உங்க வண்டியில நத்தை கெடையாது, அதனால அது..."

"ஒதுங்குன்றேன்ல."

ஒதுங்கினேன். படகின் பின் சக்கரம் பூசணிக்காயின் மேல் ஏறி, நின்ற இடத்தில் சுற்றி, மொத்தத்தையும் அள்ளி, முந்தின நாள்தான் எழுதி மாட்டிய என் போர்டின் மேல் அடித்தது. குங்குமச் சிவப்பாக வழிந்தது. மேஸ்திரி வந்திருந்தார், அவர் வேட்டியிலும் பாதி. "பாத்தியா" என்றார் மில்லுக்காரர், "கெளம்புது பாரு." என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நான் போர்டைத் துடைக்க ஏணியைத் தேடினேன்.